இரண்டாம் சாட்சி

டிசம்பர் 3, புதன்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் முதலில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறேன். வரைபட அலுவலகத்துப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. இப்போது ஏன் எழுதுகிறேன்.
2. இந்தக் குளிர்காலத்தில் இதுவரை வந்த பறவைகள்.
3. பதிவேட்டில் தங்கச்சி பெயருக்கு எதிரே நான் போட்ட கேள்விக்குறி.
4. அன்று காலை அவள் காட்டியதை நான் பார்க்கவில்லை என்பது.
5. உங்களிடம் கேட்க நினைப்பது.

முதலாவது. தங்கச்சி, நீங்கள், நான் என்று மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்த பறவைப் பதிவேடு இருபத்திரண்டு குளிர்காலங்களைத் தாண்டிவிட்டது. இனி என்னால் முடியாது. வலது கண்ணில் புரை, இரண்டு முழங்காலிலும் வலி. நகர நூலகத்தில் கேட்டார்கள். ஜனவரி 31 அன்று கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதைத் தைத்து, அட்டை போட்டு, அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அதில் யாரும் பேனா வைக்க முடியாது. கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அறுபத்தோராம் பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இரண்டாவது. சலவை ஆலைக் குட்டை மாறவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுத்த வெந்நீர் விழும் மூலை உறையாமல் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் கெட்டியாகிவிட்டது. கிளுவை முப்பது, ஊசிவால் வாத்து பதினான்கு, தட்டைவாயன் இரண்டு. வாசல் காவலுக்கு அதே அம்மாதான். என்னைப் பார்த்ததும், "என்ன சார், வாத்து ஆபீஸ் திறந்தாச்சா?" என்றார். பிறகு வழக்கம்போல, "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். "டூட்டி" என்றேன். ஆறு குளிர்காலமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். நீங்கள் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பொய்யை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது என்று தெரியவில்லை.

மூன்றாவது. தங்கச்சியின் கடைசிக் குளிர்காலத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் உண்மையாகவே பஸ் டூட்டியில் இருந்தீர்கள். தங்கச்சிக்கு மூன்றாம் சுற்று மருந்து முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. உங்கள் பெரிய கோட்டுக்குள் இருந்து மூக்கு மட்டும் வெளியே தெரிய, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கீறல் வாத்தைக் கண்டது அப்போதுதான். நினைவிருக்கும் உங்களுக்கு. அதற்கு ஒன்பது வருஷம் முன்பு நாம் மூவரும் ஒரே ஒருமுறை பார்த்தோமே, வெள்ளை வெளேரென்று, உடம்பில் பனிக்கட்டி விரிசல் விட்டதுபோல மெல்லிய கருப்புக் கோடுகளோடு. புத்தகப் பெயர் நீளமாக இருக்கிறது என்று அவள்தான் 'கீறல்' என்று பெயர் வைத்தாள்.

அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இரண்டாம் சாட்சி கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த விதியை எழுதியது நான். அன்று சாயந்திரம் அறுபத்தோராம் பக்கத்தில் அவள் தன் வரியைத் தானே எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவள் போன பிறகு, மார்ச்சில், நீங்கள் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள். "அவ பொய் சொன்னாளா, மச்சான்?" என்று கேட்டீர்கள். நான், "விதி அப்படி, மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் பதிவேட்டை மூடிவிட்டுப் போனீர்கள். அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நான்காவது. இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். காலை ஒன்பது நாற்பதுக்கு அவள் என் சட்டைக் கையைப் பிடித்து, "அண்ணா, கீறல். அதோ" என்றாள். குளிருக்குக் கையை உடனே கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு மோவாயால் காட்டினாள். பைனாகுலரை வைத்துத் தேடினேன். வெள்ளையாக எதுவும் இல்லை. "பார்த்தீங்களா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "பார்த்தேன்" என்றேன். "எங்கே, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். அவள் காட்டிய திசையில் கோரைக்கு இடது பக்கம் ஒரு முக்குளிப்பான் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று ஊகித்து, "கோரைக்கு இடது பக்கம்" என்றேன். அவள் சிரித்தாள்.

நான் எதையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளை. வாயால் சொன்ன பொய்யைக் கையெழுத்தாகப் போட முடியவில்லை. அந்தக் கேள்விக்குறி அவளைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. அவள் பார்த்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. இதை மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். நோயாளியிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது. பதிவேட்டைக் கொடுப்பதற்கு முன் அந்தக் குறியை அழிக்கவா, விடவா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். போனில் பேசினால் எனக்குச் சரியாகக் காது கேட்காது, கேட்டாலும் பதில் வராது. ஒரு வரி எழுதினால் போதும். மனமில்லையென்றால் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையெல்லாம் வழுக்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


டிசம்பர் 10

மச்சான்,

நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிறவனுக்கு ஸ்டாம்ப் ஒட்டி லெட்டர் போடுற ஆள் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். அதுவும் நம்பர் போட்டு. உங்க ஆபீஸ்ல உங்களுக்கு ரப்பர்னு பட்டப்பேர் வெச்சவன் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான். எல்லாத்தையும் எழுதுவீங்க, அப்புறம் அழிக்கலாமான்னு கேப்பீங்க.

எனக்கு எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. அன்னைக்கு நீங்க 'விதி'ன்னு சொன்னது ரூல்ங்கிற விதியா? நான் தலைவிதின்னு நினைச்சேன். பொண்டாட்டி போய் பதினோரு நாள்ல ஒருத்தன் வந்து கேக்குறான், நீங்க பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு விதி அப்படிங்கிறீங்க. கையை ஓங்காம போனதே பெருசு. சரி, அதை விடுங்க. ரூலா இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

இப்போ இந்த நாலாவது நம்பருக்கு வரேன்.

அந்த ஞாயித்துக்கிழமை நான் ஷிப்ட் முடிச்சு வந்தப்போ அவ அடுப்படியில நின்னுக்கிட்டே ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தா. ரெண்டு துண்டு. மூணு வாரமா சூப்கூட இறங்காம இருந்தவ. நான் சட்டையைக் கழட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா. "பொண்டாட்டி மட்டும் தனியா வந்திருந்தா, வீட்டுக்காரரைக் காணோம்"னு சிரிக்கிறா. ஞாயித்துக்கிழமைகூட லீவு போடாம வண்டி ஓட்டப் போனேன்ல, அதைக் குத்திக் காட்டுறா. நானும் வாங்கிக்கிட்டேன். அப்புறம், "அண்ணனும் பார்த்தாரு". கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், "அண்ணனும் பார்த்தாருங்க". படுக்கப் போறப்பவும் அதேதான்.

வாத்து பெருசில்ல மச்சான். அண்ணனும் பார்த்தாருங்கிறதுதான் அவளுக்குப் பெருசு. சின்னப் பிள்ளையிலேர்ந்து அவ எதைக் காட்டினாலும் நீங்க 'நல்லாப் பாரு, நல்லாப் பார்த்துட்டுச் சொல்லு'ன்னு சொல்லுவீங்களாம். நிலாவைக் காட்டினாலும் அப்படித்தான்னு சொல்லிச் சிரிப்பா. அன்னைக்கு ஒருநாள்தான் நீங்க அப்படிச் சொல்லலை.

அவ சந்தோஷமா இருந்த கடைசி நாள்னு நான் அதைத்தான் வெச்சிருந்தேன். அதையும் இப்போ பொய்னு எழுதி, மடிச்சு, அனுப்பிட்டீங்க. கேள்விக்குறி எவ்வளவோ தேவலை.

அழிக்கிறதோ வெச்சுக்கிறதோ உங்க இஷ்டம். எனக்கு எழுதாதீங்க.

(கையெழுத்து)


டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுவது தவறு என்று தெரியும். இந்தமுறை பட்டியல் இல்லை.

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். எனக்குக் குறைந்தது. குறைந்தது எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அதை நீங்கள் சுமக்கும்படி ஆகிவிட்டது. முப்பத்து நாலு வருஷம் மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்த்தவன், என் கடிதத்தை ஒருமுறை உங்கள் இடத்திலிருந்து படித்துப் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

'நல்லாப் பாரு' என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன் என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் குரலே எனக்குக் கேட்கிறது.

இன்று காலை வாசல் காவலம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்தமுறை டூட்டி என்று சொல்லவில்லை. "நாலு ஸ்டாப் தள்ளித்தான் இருக்கார், ஆனா அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லைம்மா. ஆறு வருஷம் ஆச்சு" என்றேன்.

"ஐயையோ, எதுக்கு சார்? சொத்தா?"

"இல்லைம்மா. ஒரு வாத்து."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "வாத்தே எவ்வளவோ தூரத்துலேர்ந்து வருஷம் தவறாம வந்துட்டுப் போகுது. நாலு ஸ்டாப் உங்களுக்குத் தூரமா?" என்றார். பிறகு நான் வருத்தப்பட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, தன் கூண்டுக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் அடுப்பை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

ஆலைச் சுவரை ஒட்டி நிற்கும் மரங்களில் இன்று சிறு குருவிகள் ஒரு கூட்டம் வந்திருந்தது. நாற்பது வரை எண்ணினேன், பிறகு எல்லாம் இடம் மாறிவிட்டன. நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி. கொத்துக் காய்களில் தலைகீழாகத் தொங்கி விதை எடுத்தன. புத்தகம் இவற்றை ஃபிஞ்ச் இனம் என்கிறது. தங்கச்சி அதைக் கேட்டதிலிருந்து 'பிஞ்சுக்குருவி' என்றுதான் சொல்வாள். 'இவ்வளவு சின்னதா இருந்தா வேற எப்படிக் கூப்பிடுறது' என்பாள். எட்டு குளிர்காலமாக வராதவை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லுவதற்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

பதில் எதிர்பார்க்கவில்லை.

அன்புடன்,
மச்சான்


ஜனவரி 4

மச்சான்,

அந்தம்மா இன்னும் இருக்காங்களா. வாத்து வருஷம் தவறாம வருதுன்னு சொன்னதைப் படிச்சுட்டு கிச்சன்ல தனியா நின்னு சிரிச்சேன்.

உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அவ போன பிறகு நான் டெப்போ மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்து ரூட் மாத்திக்கிட்டேன். பழைய ரூட் சலவை ஆலை வழியாப் போகும். அந்த வளைவுல திரும்பினா குட்டை முழுசாத் தெரியும். ஒருநாள் அங்க ரெட் சிக்னல். பச்சை விழுந்தும் நான் எடுக்கலை. பின்னாடி ஒரே ஹாரன். ஒரு பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, தூங்கிட்டியா?"ன்னு கேட்டார். அடுத்த நாளே எழுதிக் கொடுத்துட்டேன். காரணம் கேட்டதுக்குக் கண்ணு கூசுதுன்னு சொன்னேன். பார்த்தீங்களா, பொய் சொல்றதுக்கு நீங்க மட்டும் இல்லை.

எழுதாதீங்கன்னு நான் சொன்னது கோபத்துல. வாபஸ்.

ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க லெட்டர் வந்ததுலேர்ந்து இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள சுத்துது.

அவளுக்குத் தெரியுமா?

நீங்க பார்க்கலைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? அவ லேசுப்பட்டவ இல்லை. நான் வீட்டுக்குள்ள வர்ற நடையை வெச்சே இன்னைக்கு வண்டியில யாரோட சண்டைன்னு சொல்லிடுவா. உங்க மூஞ்சி அதைவிட மோசம், உள்ள இருக்கிறது எல்லாம் வெளியில ஒட்டியிருக்கும். "எங்கே, சொல்லுங்க பார்ப்போம்"னு வேற கேட்டிருக்கா. சந்தேகம் வராம கேப்பாளா? அப்புறம் சிரிச்சான்னு எழுதியிருக்கீங்க. என்ன சிரிப்பு அது? அண்ணன் பாவம், எனக்காகப் பொய் சொல்றாருன்னு சிரிச்சாளா? தெரிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து என் முன்னாடி நின்னு ரொட்டி தின்னாளா? 'அண்ணனும் பார்த்தாரு'ன்னு மூணு தடவை சொன்னது எனக்காகவா?

அப்படின்னா அந்த நாள்ல சந்தோஷமா இருந்தது நான் மட்டும்தான். ஏமாந்ததும் நான்தான்.

பக்கத்துல இருந்தது நீங்க. மழுப்பாம எழுதுங்க. நம்பர் போட்டாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளை


ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்டதற்கு ஒரு வாரமாகப் பதில் எழுதிப் பார்க்கிறேன். மூன்று தாள் கிழித்தாயிற்று.

அவளுக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒன்றில் எழுதினேன். என் முகம் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். தெரிந்திருக்காது என்று இன்னொன்றில் எழுதினேன். அந்தச் சிரிப்பில் பரிதாபம் இருந்ததாக என் நினைவில் இல்லை. ஆனால் என் நினைவை நான் எவ்வளவு நம்பலாம்? ஆறு வருஷமாக அதை எடுத்து எடுத்துப் பார்த்து, விளிம்பெல்லாம் தேய்ந்துவிட்டது. மூன்றாவது தாளில் உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, 'நிச்சயமாகத் தெரியாது' என்று எழுதினேன். அதையும் மடிக்காமல் கிழித்தேன். ஒருமுறை ஆறுதலுக்காகச் சொன்னது போதும்.

ஆகவே நேர்மையான பதில்: எனக்குத் தெரியவில்லை. இதைவிட நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்திருக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது.

31-ஆம் தேதிக்கு முன் இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கின்றன. இரண்டுக்கும் குட்டைக்குப் போவேன். பிறகு பைனாகுலரை உறையில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பிஞ்சுக்குருவிகள் இன்னும் போகவில்லை. நேற்றுப் பெய்த பனியில் மரத்தடி முழுவதும் விதைத் தோல் சிதறிக் கிடந்தது.

ரூட் மாற்றிக்கொண்டதைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. அந்த ஆறு வருஷமும் நான் குட்டைக் கரையில் உட்கார்ந்து, சாலையில் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

அன்புடன்,
மச்சான்


ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். மடியில் பதிவேட்டை வைத்து அதன் மேல் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை கடுங்குளிர். வெந்நீர் விழும் மூலையில் ஓர் அறை அகலத்துக்குத்தான் தண்ணீர் திறந்திருந்தது. வாத்துகள் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எட்டு ஐம்பதுக்கு வெள்ளையாக ஒன்று வந்து இறங்கியது. கீறல். பதினைந்து வருஷம் கழித்து. புரை விழுந்த கண்ணுக்கே ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கோரை ஓரமாக, சாம்பல் நிறத்தில் சிறியதாக இன்னொன்று இருந்தது. தலை செங்கல் நிறம், கன்னம் வெள்ளை. எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்வது என் வழக்கம் அல்லவா? சட்டைப்பைக் குறிப்பேட்டில் முதலில் 'கீறல் 1' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'முக்குளிப்பான் 1' என்று எழுதினேன்.

காவலம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைப் பறவை நேராக அந்தச் சின்னதிடம் நீந்திப் போனது. இரண்டும் ஒன்றாக முங்கின, ஒன்றாக எழுந்தன.

"ஜோடியா சார்?" என்றார்.

"இல்லைம்மா. அது வேற இனம், இது வேற இனம்."

"அப்புறம் ஏன் அவ போற இடமெல்லாம் பின்னாலேயே போறான்? பார்த்தா வீட்டுக்காரன் மாதிரில்ல இருக்கு."

வீட்டுக்காரன் என்று அவர் சொன்னதும் உங்கள் கடிதத்தில் இருந்த வரி எனக்குக் கேட்டது. படித்தது போல இல்லை, அவள் குரலிலேயே கேட்டது. 'பொண்டாட்டி மட்டும் தனியா வந்திருந்தா, வீட்டுக்காரரைக் காணோம்.'

மாப்பிள்ளை, அவள் அன்று உங்களைக் குத்திக் காட்டவில்லை. தான் பார்த்ததைச் சொன்னாள். அன்று வந்தது கீறலின் பெட்டை.

சட்டைப்பையில் இருந்த பறவைப் புத்தகத்தை அங்கேயே எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் இருக்கும் புத்தகம். படம் ஆணுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: பெட்டை சாம்பல் நிறம், தலை செங்கல் நிறம், கன்னம் வெள்ளை, தொலைவில் முக்குளிப்பானோ என்று தோன்றும். படத்தைத் தெரிந்துவைத்திருந்ததால் நான் அந்த வரியைப் படித்ததே இல்லை. அவள் படித்திருக்கிறாள். 'கீறல்' என்று அவள் சொன்னதும் நான் வெள்ளையைத் தேடினேன். அவள் இனத்தைச் சொன்னாள், நான் நிறத்தைக் கேட்டுக்கொண்டேன்.

மூட்டு வலியை மறந்து வீட்டுக்கு நடந்தேன். அந்த வருஷத்துச் சட்டைப்பைக் குறிப்பேடு மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே என் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'9.40. முக்குளிப்பான் 1. கோரைக்கு இடப்புறம். தலை செங்கல் நிறம், கன்னம் வெள்ளை. முக்கியமில்லை.'

முக்கியமில்லை என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, குறிப்பேட்டை நீங்களே பார்க்கலாம். அவள், "எங்கே, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். நான், "கோரைக்கு இடது பக்கம்" என்றேன். பறவை இருந்தது கோரைக்கு இடது பக்கம். அவள் சோதித்தாள், நான் சரியாகச் சொன்னேன், அதனால் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்திருக்க ஒரு பொய்யும் அங்கே இல்லை. பரிதாபப்படவும் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து உங்களிடம் மூன்று முறை சொன்னது நடிப்பு இல்லை, மாப்பிள்ளை. அவள் பசித்துத்தான் சாப்பிட்டாள். நீங்களும் ஏமாறவில்லை. அந்த நாளை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்களோ அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. கண் எதிரே இருந்ததைப் பார்த்து, எழுதி, கோடு போட்டு, பிறகு இல்லை என்று ஆறு வருஷம் வருந்தியிருக்கிறேன். எங்கள் பிரிவில் யாராவது இப்படிச் செய்திருந்தால் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். 'நல்லாப் பாரு' என்று அவளுக்குச் சொன்னவன் நான்.

இரண்டாம் சாட்சி கட்டத்தில் இன்று கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் பழைய பக்கத்தில் எதைத் திருத்தினாலும் இன்னொருவர் அருகில் இருந்து பார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். அதுவும் நான் எழுதிய விதிதான், ரூல்ங்கிற விதி. இந்தப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர்தான் மீதி.

நான் இப்போது உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறேன். பதிவேடு, குறிப்பேடு, பேனா, ரப்பர் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் கதவு வரைக்கும் வந்தேன். மணியில் விரலை வைத்தேன், அழுத்த முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உள்ளே ரேடியோ ஓடுகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, நீங்கள்தான் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் இங்கே வந்து உட்காருவேன். ஒரு பஸ் போனாலும் ஏற மாட்டேன். அடுத்ததிலும் ஏற மாட்டேன்.

நான் கரையை விட்டு வரும்போதும் அந்த ஜோடி அங்கேதான் இருந்தது. இன்று வெளிச்சம் நாலரை மணி வரை இருக்கும். வரும்போது கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்தால் காற்று நேராக அடிக்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். டிசம்பர் 3 கடிதத்தின் பட்டியலில் நான்காவதாக நான் எழுதியது தவறு. அன்று காலை தங்கச்சி காட்டியதை நான் பார்த்தேன்.

உங்கள்
மச்சான்